எண்கணிதக் கணினி விளையாட்டுகள்

எண்கணிதக் கணினி விளையாட்டுகள் என்பவை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய அடிப்படைக் கணிதச் செயல்களைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கவோ அவற்றில் பயிற்சி அளிக்கவோ உருவாக்கப்பட்ட கல்வி விளையாட்டு மென்பொருள்கள் ஆகும். எண்ணுதல், எண்களை ஒப்பிடுதல், இடமதிப்பு, பின்னம், பணத்தைக் கையாளுதல் போன்றவையும் இவற்றின் பாடப்பொருளில் அடங்கும். இவை பொதுவாக 4 முதல் 12 வயது வரையான குழந்தைகளுக்காக அமைக்கப்படுகின்றன. மேசைக் கணினி, கைக்கணினி, நகர்பேசி, இணைய உலாவி ஆகியவற்றில் இவற்றை விளையாடலாம். வணிக நோக்கில் விற்கப்படுபவையும், டக்ஸ் மேத், ஜிகாம்பிரி போன்ற கட்டற்ற மென்பொருள்களும் இவற்றுள் உள்ளன.

இவ்விளையாட்டுகள் குழந்தைகளின் கணிதத் திறனை உண்மையில் வளர்க்கின்றனவா என்பது குறித்து 1970களில் இருந்தே ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. இந்தியாவில் வடோதரா, தில்லி ஆகிய நகரங்களில் நடந்த ஆய்வுகள் இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுபவை.

பின்னணி

ஒரு குழந்தை எண்கணிதம் கற்பதில் இரு பகுதிகள் உள்ளன. முதலாவது புரிதல்: 8 என்பது எவ்வளவு, 8ஐ 5 ஆகவும் 3 ஆகவும் பிரிக்கலாம், 35இல் உள்ள 3 முப்பதைக் குறிக்கும் என்பன போன்றவை. இரண்டாவது சரளம்: 7 + 6 என்றதும் விரல்விட்டு எண்ணாமல் 13 என்று விடை கூறுதல். சரளம் இல்லாத குழந்தை ஒரு நீண்ட கணக்கைச் செய்யும்போது சிறு கூட்டல்களிலேயே கவனம் முழுவதையும் செலவிட்டு, கணக்கின் போக்கைத் தவற விடுகிறது. புரிதல் இல்லாத குழந்தை வாய்ப்பாட்டை ஒப்பித்தாலும், எங்கே பெருக்குவது எங்கே வகுப்பது என்று அறியாமல் திகைக்கிறது.

மனத்தில் பதிய வேண்டிய விவரங்களின் எண்ணிக்கை உண்மையில் சிறியது. 1 முதல் 10 வரையான பெருக்கல் வாய்ப்பாட்டில் 100 பெருக்கல்கள் உள்ளன. 6 × 8, 8 × 6 இரண்டும் ஒன்றே என்று அறிந்தால் இவை 55 ஆகக் குறையும். எளிதான 1, 10 ஆகியவற்றின் வாய்ப்பாடுகளை நீக்கினால் எஞ்சுபவை 36 மட்டுமே. திரும்பத் திரும்பப் பயில வேண்டியவை இவ்வாறு வரையறைக்கு உட்பட்டு இருப்பதும், ஒவ்வொரு விடையும் சரியா தவறா என்பதை இயந்திரமே உடனே கண்டறிய முடிவதும், கணினி விளையாட்டுகளுக்கு எண்கணிதம் ஏற்ற பாடமாக அமைந்ததற்குக் காரணங்கள் ஆகும்.

வரலாறு

கணினிக்கு முந்தைய மரபுகள்

விளையாட்டின் வழியாகவும் திரும்பச் சொல்லுதல் வழியாகவும் எண் பயிலும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவற்றை மாணவர்கள் உரக்கச் சொல்லியும் மணலில் எழுதியும் மனனம் செய்தனர். முழு எண்களுடன் மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) முதலிய பின்னங்களும் இப்பயிற்சியில் இடம்பெற்றன. நில அளவை, தானிய அளவை, கூலி ஆகிய அன்றாடக் கணக்குகளுக்கு இவை தேவைப்பட்டன.

பல்லாங்குழி, தாயம், பரமபதம் ஆகிய விளையாட்டுகள் எண்ணுதலையும் கூட்டலையும் இயல்பாகப் பழக்கின. பல்லாங்குழிப் பலகையில் வரிசைக்கு ஏழாக 14 குழிகள் இருக்கும். குழிக்கு ஐந்து காய்கள் இட்டு ஆடினால் மொத்தம் 70 காய்கள் தேவை. ஒரு குழியின் காய்களை எடுத்து ஒவ்வொன்றாக இட்டால் கடைசிக் காய் எங்கே விழும் என்று முன்கூட்டியே கணிப்பவரே நன்றாக ஆடுபவர். ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அதைப் 'பசு' என்று கூறி எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். இங்கே கணக்கு ஆட்டத்துக்கு வெளியே நிற்கும் தேர்வாக இல்லை. கணக்கே ஆட்டமாக உள்ளது. பிற்காலக் கணினி விளையாட்டுகளை மதிப்பிடவும் இந்த வேறுபாடு பயன்படுகிறது.

கணினிக் காலம்

1960களில் ஐக்கிய அமெரிக்காவின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பிசு என்பவரும் அவருடைய குழுவினரும் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்குத் தொலைத்தட்டச்சுப் பொறி வழியாகக் கணக்குப் பயிற்சி அளித்தனர். கணினி வினா எழுப்பும், மாணவர் விடையைத் தட்டச்சு செய்வார், கணினி சரிபார்க்கும். இது விளையாட்டு அன்று எனினும், பின்வந்த பயிற்சி விளையாட்டுகளுக்கு அடித்தளமாக அமைந்தது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் 1970களில் எண்கணித விளையாட்டுகள் பல உருவாயின. 'டார்ட்சு' என்ற விளையாட்டில் ஓர் எண்கோட்டின் மேல் பலூன்கள் கட்டப்பட்டிருக்கும். பலூன் இருக்கும் இடத்தின் மதிப்பைப் பின்னமாகவோ கலப்பு எண்ணாகவோ சரியாகத் தட்டச்சு செய்தால் அம்பு பாய்ந்து பலூன் உடையும். 'வெஸ்ட்' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட மற்றொரு விளையாட்டில், கிடைக்கும் மூன்று எண்களைக் கொண்டு ஒரு கோவை அமைத்து, அதன் மதிப்புக்கு ஏற்ப எண்கோட்டில் முன்னேற வேண்டும். குறுக்குவழிகளும் ஊர்களும் கொண்ட இதன் அமைப்பு பரமபதத்தை ஒத்தது. மிகப் பெரிய எண்ணைப் பெறுவதே எப்போதும் நல்லது என்று இதில் கூற முடியாது என்பதால், ஆடுபவர் பல கோவைகளை மனத்தில் அமைத்துப் பார்க்க நேர்ந்தது.

1977இல் அட்டாரி நிறுவனம் தன் வீட்டு நிகழ்பட ஆட்டக் கருவியை வெளியிட்டபோது, உடன் வந்த முதல் ஆட்டங்களுள் 'பேசிக் மேத்' என்பதும் ஒன்று. 1983இல் வெளியான 'மேத் பிளாஸ்டர்', 1986இல் வெளியான 'நம்பர் மஞ்சர்ஸ்' ஆகியவை அமெரிக்கப் பள்ளிகளில் பெரும் புகழ் பெற்றன. 1990களில் குறுவட்டுகளும் 2000களில் பிளாஷ் நுட்பத்தில் அமைந்த இணைய விளையாட்டுகளும் பரவின. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 உடன் பிளாஷ் இயக்கிக்கான ஆதரவை நிறுத்தியதால், மாற்றி எழுதப்படாத விளையாட்டுகள் பல வழக்கொழிந்தன. 2010களில் இருந்து நகர்பேசிச் செயலிகளே இத்துறையின் பெரும் பகுதியாக உள்ளன.

வகைகள்

எண்கணித விளையாட்டுகளை அவை கணக்கைக் கையாளும் முறையைக் கொண்டு பின்வருமாறு பகுக்கலாம்.

பயிற்சி விளையாட்டுகள்: விரைந்து விடை கூறுவதை நோக்கமாகக் கொண்டவை. விழும் எரிகல், ஓடும் வண்டி, கடிகாரம் போன்றவை கால நெருக்கடியை ஏற்படுத்தும். சரளத்தை வளர்க்கப் பயன்படுபவை.

உருமாதிரி விளையாட்டுகள்: தராசு, எண்கோடு, பகடை, கட்டங்கள் போன்றவற்றால் எண்ணின் அளவைக் கண்ணுக்குக் காட்டுபவை. புரிதலை வளர்க்க முயல்பவை.

உத்தி விளையாட்டுகள்: ஒரே வினாவுக்குப் பல விடைகள் சாத்தியமாகி, அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டியவை. மேலே கூறிய 'வெஸ்ட்' இவ்வகையைச் சேர்ந்தது.

வாழ்க்கைச் சூழல் விளையாட்டுகள்: கடை நடத்துதல், சில்லறை கொடுத்தல், பொருள்களைப் பங்கிடுதல் போன்ற சூழல்களில் கணக்கை அமைப்பவை.

பரிசு விளையாட்டுகள்: கணக்கைச் சரியாகச் செய்தால் கணக்குக்குத் தொடர்பற்ற ஓர் ஆட்டத்தைச் சிறிது நேரம் ஆட விடுபவை. கல்வியாளர்களின் விமர்சனத்துக்கு மிகுதியாக உள்ளாகும் வகை இதுவே.

செயற்படும் முறை

பெரும்பாலான எண்கணித விளையாட்டுகளின் உள்ளமைப்பு எளிமையானது. நிரல், வரையறுக்கப்பட்ட எல்லைக்குள் எண்களைத் தேர்ந்து வினாவை அமைக்கிறது, விடையை ஒப்பிடுகிறது, முடிவுக்கு ஏற்ப அடுத்த வினாவைத் தீர்மானிக்கிறது. ஒரு விளையாட்டு கல்விக் கருவியாகிறதா, வெறும் பொழுதுபோக்காகிறதா என்பது இந்த மூன்றாம் படியிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

நல்ல விளையாட்டுகள் தவறிய வினாக்களைச் சேர்த்து வைத்துச் சற்று இடைவெளி விட்டு மீண்டும் கேட்கின்றன. தொடர்ந்து சரியாக விடை வந்தால் கடினத்தைக் கூட்டுகின்றன. தவறுகள் பெருகினால் குறைக்கின்றன. இது தகவமைப்பு எனப்படும். கணக்கறிதல் குறைபாடு உடைய குழந்தைகளுக்காக அன்னா வில்சன், இசுட்டானிசுலாசு டிகேன் ஆகியோர் வடிவமைத்து 2006இல் அதன் அடிப்படைகளை விளக்கி வெளியிட்ட 'நம்பர் ரேஸ்' என்ற கட்டற்ற மென்பொருள், எண்களுக்கு இடையிலான வேறுபாடு, தரப்படும் நேரம், குறியீடுகளின் சிக்கல் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றி, குழந்தை பெரும்பாலும் வெற்றி பெறும் அளவில் ஆட்டத்தை நிறுத்த முயல்கிறது.

தவறான விடை ஏன் வந்தது என்று அறிவது இதைவிடக் கடினம். 52 − 37 என்ற கணக்குக்கு ஒரு குழந்தை 25 என்று விடை எழுதினால், அது கவனக்குறைவாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு இடத்திலும் சிறிய இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து கழிப்பது என்ற தவறான விதியை அக்குழந்தை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கலாம்: 7 − 2 = 5, 5 − 3 = 2. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் ஆகியோர் 1970களில் இத்தகைய ஒழுங்கான தவறுகளை ஆராய்ந்து, 'பக்கி' என்ற விளையாட்டை உருவாக்கினர். இது குழந்தைகளுக்கானது அன்று, ஆசிரியர் பயிற்சிக்கானது. கணினி ஒரு தவறான விதியைப் பின்பற்றி விடைகளைத் தரும். அந்த விதியை ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். இன்றும் பல வணிக விளையாட்டுகள் 'தவறு' என்ற ஒலியை எழுப்புவதுடன் நின்றுவிடுகின்றன.

குறிப்பிடத்தக்க கட்டற்ற மென்பொருள்கள்

டக்ஸ் மேத்

டக்ஸ் மேத், பில் கென்டிரிக்கு என்பவரால் 2001இல் தொடங்கப்பட்ட திறந்த மூல விளையாட்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் சின்னமான டக்ஸ் என்ற பென்குவினே இதன் நாயகன். 'மிசைல் கமாண்டு' என்ற பழைய ஆட்டத்தின் அமைப்பைத் தழுவியது. வானிலிருந்து கணக்குகளைத் தாங்கிய எரிகற்கள் விழும். ஆடுபவர் விடையைத் தட்டச்சு செய்து உள்ளிடு விசையை அழுத்தினால் லேசர் கதிர் பாய்ந்து எரிகல்லை அழிக்கும். தவறினால் கீழே உள்ள பனிவீடு உருகி, அதில் வாழும் பென்குவின் வெளியேறும். எண்களைத் தட்டச்சு செய்வதில் தொடங்கி, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், குறை எண்கள் வரை படிப்படியான பாடங்கள் உள்ளன. தவறிய வினாக்கள் மீண்டும் வரும். பாடங்கள் எளிய உரைக் கோப்புகளாக இருப்பதால், நிரலாக்கம் அறியாத ஆசிரியரும் தம் வகுப்புக்கு ஏற்பப் புதிய பாடத்தை எழுதிச் சேர்க்கலாம். பிற்காலப் பதிப்புகளில் பல கணினிகளை வலையமைப்பில் இணைத்து ஆடும் வசதியும் சேர்க்கப்பட்டது.

ஜிகாம்பிரி

ஜிகாம்பிரி, பிரான்சு நாட்டைச் சேர்ந்த புரூனோ குதுவான் 2000இல் தொடங்கிய கல்வி மென்பொருள் தொகுப்பு. 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலிப்பிலிருந்து இப்பெயர் அமைந்தது. 2 முதல் 10 வயது வரையான குழந்தைகளுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட செயற்பாடுகள் இதில் உள்ளன. விழும் பகடைகளின் புள்ளிகளை எண்ணுதல், தராசைச் சமன் செய்தல், பொருளுக்கு உரிய பணத்தைச் செலுத்துதல், இனிப்புகளைக் குழந்தைகளுக்குச் சமமாகப் பங்கிடுதல், மடங்குகளையும் காரணிகளையும் தேடி உண்ணுதல் ஆகியவை எண்கணிதப் பகுதியில் குறிப்பிடத்தக்கவை. 2014இல் இதை மீண்டும் எழுதும் பணி தொடங்கியது. தற்போது கேடியீ திட்டத்தின் பகுதியாக உள்ளது. முன்னர்ச் சில இயங்குதளங்களில் முழுப் பதிப்புக்குக் கட்டணம் பெறப்பட்டது. 2020இல் வெளியான 1.0 பதிப்பில் இருந்து அனைத்துத் தளங்களிலும் முழுமையாக இலவசமாகக் கிடைக்கிறது.

தமிழாக்கம்

கட்டற்ற கல்வி மென்பொருள்கள் பலவற்றைத் தமிழில் பெயர்க்கும் பணியைத் தன்னார்வலர்கள் 2000களில் இருந்து மேற்கொண்டு வந்துள்ளனர். ஜிகாம்பிரி, டக்ஸ் பெயின்ட் ஆகியவை இவ்வாறு தமிழாக்க முயற்சிக்கு உட்பட்டவை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் உருவகப்படுத்தல்கள் பலவும் தமிழில் கிடைக்கின்றன.

எண்கணித விளையாட்டுகளைத் தமிழாக்குவதில் சில தனிச்சிக்கல்கள் உள்ளன.

எண்ணுப்பெயர்களின் புணர்ச்சி: ஆங்கிலத்தில் இருபதுக்கான ஒலியையும் ஐந்துக்கான ஒலியையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தால் 25க்கான பெயர் கிடைத்துவிடும். தமிழில் 'இருபது', 'ஐந்து' என்று ஒலித்தால் அவை இரு வேறு எண்களாகவே கேட்கும். 'இருபத்தைந்து' என்பதற்குத் தனிப் பதிவு வேண்டும். நூறு 'நூற்று' எனவும், ஆயிரம் 'ஆயிரத்து' எனவும் திரிவதால் பெரிய எண்களிலும் இச்சிக்கல் தொடரும். எனவே ஒன்று முதல் நூறு வரையாவது ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே ஒலிப்பதிவு செய்வது நல்லது.

எண்ணுப்பெயர்களின் ஒழுங்கு: பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்ற பெயர்களில் பத்தும் ஒன்றும் வெளிப்படையாகத் தெரிகின்றன. இந்தியில் நூறுக்குட்பட்ட எண்களுக்குப் பெரும்பாலும் தனித்தனிப் பெயர்களை மனனம் செய்ய வேண்டியிருப்பதோடு ஒப்பிட்டால், இடமதிப்பைக் கற்பிக்க இது ஒரு வாய்ப்பாகும். எனினும் 90ஐத் தொண்ணூறு என்றும் 900ஐத் தொள்ளாயிரம் என்றும் வழங்கும் இடங்களில் குழந்தைகள் தடுமாறுவது உண்டு. ஒலிகளை மட்டும் மாற்றி, பாட வரிசையை மாற்றாமல் விடும் தமிழாக்கங்கள் இத்தகைய இடங்களைக் கவனிப்பதில்லை.

வாய்ப்பாட்டின் ஓசை: 'ஈரைந்து பத்து', 'ஐயைந்து இருபத்தைந்து', 'எட்டெட்டு அறுபத்து நான்கு' என்ற சுருக்கமான வடிவங்கள் நினைவுக்குத் துணை செய்பவை. 'இரண்டு பெருக்கல் ஐந்து சமம் பத்து' என்று நேரடியாக மொழிபெயர்க்கும்போது இந்த ஓசை இழக்கப்படுகிறது.

எண் குறிமுறை: ௧, ௨, ௩ முதலிய தமிழ் எண்கள் இன்றைய பள்ளிக் கணக்கில் பயன்படுத்தப்படுவதில்லை. ஆனால் 1,00,000 என்று இலட்சத்தில் காற்புள்ளி இடும் இந்திய முறை பயன்பாட்டில் உள்ளது. 100,000 என்று காட்டும் அயல்நாட்டு மென்பொருள் மாணவரைக் குழப்பும்.

தமிழ்நாட்டில்

2000களின் முற்பகுதியில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் அரசுப் பள்ளிகளில் கணினி வழிக் கற்றல் மையங்கள் அமைக்கப்பட்டன. ஆசிம் பிரேம்ஜி அறக்கட்டளை தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பாடம் சார்ந்த குறுவட்டுகளை உருவாக்கி அளித்தது. விளையாட்டும் கதையும் கலந்த இவற்றில் கணிதமும் இடம்பெற்றது. பின்னர் இவ்வறக்கட்டளை, நல்ல ஆசிரியருக்குத் தொழில்நுட்பம் மாற்றாகாது என்ற முடிவுக்கு வந்து தன் முயற்சிகளை ஆசிரியர் மேம்பாட்டின் பக்கம் திருப்பியது. இந்நிலைப்பாட்டை அதன் பொறுப்பாளர்கள் 2010இல் வெளிப்படையாக எழுதினர்.

சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பள்ளிகளுக்கென எடுபாஸ் என்ற தனிப் பதிப்பு உண்டு. கல்வி விளையாட்டுகள் இதனுடன் தொகுத்து வழங்கப்பட்டன.

கணினி இல்லாமலேயே விளையாட்டின் அமைப்பை வகுப்பறைக்குக் கொண்டுவந்த முயற்சி செயல்வழிக் கற்றல் ஆகும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட இம்முறையில், பாடங்கள் படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டு, அட்டைகளாகவும் ஏணிப்படியாகவும் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஒரு படியை முடித்து அடுத்த படிக்குச் சென்றது. கணினி விளையாட்டுகளில் 'நிலை' எனப்படுவதும் இதுவே.

கொரோனாக் காலப் பள்ளி மூடலால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைக் குறைக்க 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டு, 2023இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. மாணவர்கள் அவரவர் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஆடல், பாடல், கைப்பொருள்கள் வழியாகக் கற்கின்றனர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும், பின்னர்த் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகளும் ஏற்படுத்தப்பட்டதால், மென்பொருளைக் காட்டுவதற்கான கருவிகள் முன்பைவிடப் பரவலாகியுள்ளன. எனினும் சுவரில் உள்ள ஒரே திரையில் வகுப்பு முழுவதும் ஆடும்போது, ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்பக் கடினத்தை மாற்றும் தகவமைப்பு பயனற்றுப் போகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியின் அன்றாடக் கணக்குகள்

சேலம் மாவட்டமும், அதிலிருந்து 1997 சனவரி 1 அன்று பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டமும் முட்டை, சவ்வரிசி, வெல்லம், விசைத்தறி, சரக்குந்து ஆகிய தொழில்களுக்குப் பெயர் பெற்றவை. குழந்தைகள் வீட்டிலும் சந்தையிலும் காணும் இத்தொழில்களின் அளவுகள் எண்கணித விளையாட்டுகளுக்கு ஏற்ற பொருளைத் தருகின்றன.

முட்டை அட்டை: ஓர் அட்டையில் வரிசைக்கு 6 வீதம் 5 வரிசைகளாக 30 முட்டைகள் அடங்கும். 6 × 5 = 30 என்ற பெருக்கலைக் கண்ணால் காட்டும் இயற்கையான கட்டம் இது. அட்டையைத் திருப்பினால் 5 × 6 என்றாகும்; முட்டைகளின் எண்ணிக்கை மாறாது. 100 முட்டைகளை அடுக்கினால் 3 அட்டைகள் நிரம்பி 10 முட்டைகள் எஞ்சும். வகுத்தலில் ஈவும் மீதியும் இதனால் விளங்கும்.

வெல்லச் சிப்பம்: நாமக்கல் மாவட்டத்தின் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தையில் 30 கிலோ கொண்ட சிப்பமாக வெல்லம் ஏலம் விடப்படுகிறது. சிப்பத்தின் விலையிலிருந்து கிலோவின் விலையைக் காண்பதும் 30ஆல் வகுக்கும் கணக்கே.

சவ்வரிசி மூட்டை: சேலம் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் சவ்வரிசி 90 கிலோ மூட்டைக் கணக்கில் விற்பனையாகிறது. 30இன் வாய்ப்பாட்டை அறிந்த மாணவர் 90 அதன் மும்மடங்கு என்று கண்டால், புதிய வாய்ப்பாட்டை மனனம் செய்யத் தேவையில்லை.

முட்டை விலை: நாமக்கல் மண்டலத்தில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை, ஒரு முட்டைக்கு இத்தனை ரூபாய், இத்தனை காசு என்று வெளியாகிறது. எடுத்துக்காட்டாக, விலை 5 காசு உயர்ந்தால் ஓர் அட்டைக்கு 1 ரூபாய் 50 காசு உயரும். தசம எண்களைக் கற்பிக்க இது பயன்படும்.

இக்கணக்குகளை டக்ஸ் மேத் பாடக் கோப்பில் 30இன் மடங்குகளாகச் சேர்க்கலாம். அல்லது 2007இல் வெளியான ஸ்கிராட்ச் என்ற நிரலாக்கச் சூழலில் மாணவர்களே ஓர் அட்டை நிரப்பும் விளையாட்டை உருவாக்கலாம். விளையாட்டை ஆடுவதைவிட உருவாக்குவதில் கூடுதலாகக் கற்கலாம் என்பது சேமோர் பேப்பர்ட்டு 1980இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த கருத்துடன் ஒத்துப்போகிறது. கணினி குழந்தையை இயக்குவதற்கு மாறாக, குழந்தை கணினியை இயக்க வேண்டும் என்றார் அவர்.

ஆய்வு முடிவுகள்

வடோதரா: குசராத்து மாநிலத்தின் வடோதரா நகராட்சிப் பள்ளிகளில் பிரதம் அமைப்பு 2000களின் முற்பகுதியில் ஒரு திட்டத்தை நடத்தியது. நான்காம் வகுப்பு மாணவர்கள் ஒரு கணினிக்கு இருவராக அமர்ந்து, வாரம் இரண்டு மணி நேரம் கணித விளையாட்டுகளை ஆடினர். அபிசித் பானர்சி, எசுத்தர் டப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டாம் ஆண்டில் கணித மதிப்பெண்கள் 0.47 திட்டவிலக்கம் உயர்ந்தன. கல்வித் திட்டங்களில் இது பெரிய உயர்வு. ஆயினும் திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தபின் அதன் பெரும்பகுதி மறைந்து, ஏறத்தாழ 0.1 மட்டுமே எஞ்சியது.

கூடுதலா, மாற்றா: லே லிண்டன் குசராத்தில் நடத்திய மற்றோர் ஆய்வு, பள்ளி நேரத்துக்குப் புறம்பே கூடுதலாக அளிக்கப்பட்ட கணினிப் பயிற்சி பயன் தந்ததையும், ஆசிரியரின் பாட நேரத்துக்கு மாற்றாக அளிக்கப்பட்டபோது மாணவர்கள் பின்தங்கியதையும் காட்டியது. மென்பொருள் ஒன்றே, பயன்படுத்திய முறையே முடிவை மாற்றியது.

தில்லி: பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்களில் மாணவரின் நிலைக்கு ஏற்பத் தகவமையும் மைன்ட்ஸ்பார்க் மென்பொருளைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வில், நான்கரை மாதங்களில் கணித மதிப்பெண்கள் 0.37 திட்டவிலக்கம் உயர்ந்தமை பதிவானது.

கணக்கும் ஆட்டமும்: ஐக்கிய இராச்சியத்தில் யேக்கப் ஆப்குட், சாரா எயின்சுவொர்த்து ஆகியோர் 'சோம்பி டிவிசன்' என்ற விளையாட்டை இரு வடிவங்களில் ஒப்பிட்டு 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு வடிவத்தில் எலும்புக்கூட்டின் மார்பில் உள்ள எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணைத் தேர்ந்து தாக்க வேண்டும். மற்றதில் ஆட்டம் தனியாகவும் கணக்கு இடையிடையே தேர்வாகவும் வந்தன. முதல் வடிவத்தில் குழந்தைகள் கூடுதலாகக் கற்றதுடன், விருப்பம்போல் தேர்ந்தெடுக்க விட்டபோது அதிலேயே ஏழு மடங்குக்கும் மேலான நேரம் செலவிட்டனர்.

விமர்சனங்கள்

முதல் விமர்சனம் வேகம் பற்றியது. கடிகாரத்துடன் போட்டியிடும் விளையாட்டுகள் ஏற்கனவே சரளம் பெற்றவரை மகிழ்விக்கின்றன. தயங்கும் குழந்தையிடம் கணக்கைப் பற்றிய அச்சத்தை வளர்க்கின்றன என்று கல்வியாளர்கள் சிலர் கூறுகின்றனர். டக்ஸ் மேத் போன்றவற்றில் வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தும் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை.

இரண்டாவது, விளையாட்டில் பெற்ற திறன் வேறு இடங்களுக்குச் செல்கிறதா என்பது. 2025இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்கள் சிக்கலான விற்பனைக் கணக்குகளை மனத்திலேயே விரைந்து செய்தும், அதே அளவிலான பள்ளிக் கணக்கில் தடுமாறியதைக் காட்டியது. பள்ளி மாணவர்களோ தாளில் எளிய கணக்குகளைச் செய்தும் சந்தைக் கணக்கில் தடுமாறினர். வார நாள்களில் பள்ளியும் வார இறுதியில் சந்தையும் காணும் குழந்தைகள் வாழும் பகுதிகளுக்கு இம்முடிவு முக்கியமானது. 30 × 7 என்ற வினாவையும் ஏழு அட்டை முட்டை என்ற வினாவையும் ஒரே விளையாட்டு மாறி மாறிக் கேட்டால் இந்த இடைவெளி குறையுமா என்பது ஆராயத் தக்கது.

மூன்றாவது, சமமின்மை. சொந்தக் கருவியும் இணையமும் உள்ள வீட்டுக் குழந்தைக்கு விளையாட்டு கூடுதல் பயிற்சியாகிறது. அவை இல்லாத குழந்தைக்குப் பள்ளியே ஒரே வாய்ப்பு. ஏசர் அறிக்கையின்படி, இந்திய ஊரகங்களில் குறைந்தது கழித்தல் கணக்கைச் செய்யத் தெரிந்த மூன்றாம் வகுப்பு மாணவர்கள் 2018இல் 28.2 விழுக்காடாகவும், 2022இல் 25.9 விழுக்காடாகவும், 2024இல் 33.7 விழுக்காடாகவும் இருந்தனர். மீட்சி தென்பட்டாலும், மூவரில் இருவர் இன்னும் இவ்வடிப்படையை எட்டவில்லை.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கணக்கு ஆட்டத்தின் உள்ளே இருக்க வேண்டும். ஆட்டத்தை இடைமறிக்கும் தேர்வாக இருத்தல் கூடாது.

தவறிய வினா மீண்டும் வர வேண்டும். தவறின் காரணத்தைப் படமாகவோ படிகளாகவோ காட்ட வேண்டும்.

நேர வரம்பை நீக்கும் வசதி இருக்க வேண்டும்.

விளம்பரம், பணம் செலுத்தத் தூண்டும் பொத்தான்கள், தேவையற்ற தனிப்பட்ட விவரக் கோரிக்கை ஆகியவை இருத்தல் கூடாது.

இணையம் இன்றி, பழைய கணினியிலும் இயங்குவது நல்லது.

ஆட்டத்துக்குப் பின் அதே கணக்கைத் தாளிலும் வாய்மொழியாகவும் கைப்பொருள்களாலும் செய்து பார்க்க ஆசிரியரோ பெற்றோரோ உடன் இருக்க வேண்டும். வாரம் சில முறை குறுகிய நேரம் ஆடுவதே ஒரே நாளில் நெடுநேரம் ஆடுவதைவிடப் பயன் தரும்.

இவற்றையும் பார்க்க

எண்சுவடி
பல்லாங்குழி
வாய்ப்பாடு
செயல்வழிக் கற்றல்
எண்ணும் எழுத்தும் திட்டம்
கட்டற்ற மென்பொருள்
ஸ்கிராட்ச்
கணக்கறிதல் குறைபாடு